எக்கோவுக்கு முன் கொடுக்கும் தூக்க சிரப்: குளோரல் ஹைட்ரேட்டும் ட்ரைக்ளோஃபாஸும்

கேள்வி: ஒன்றரை வயதுக் குழந்தைக்கு எக்கோ எடுக்கும் முன் ட்ரைக்ளோஃபாஸ் சிரப் கொடுத்துத் தூங்க வைத்தார்கள். இது 150 வருடப் பழைய குளோரல் ஹைட்ரேட்தான் என்று ஒருவர் சொல்கிறார். உண்மையா? எப்படி வேலை செய்கிறது? பாதுகாப்பானதா? அடுத்த முறை வீட்டிலேயே கொடுத்துத் தூங்கவைத்துக் கூட்டிப் போகலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கூடாது. ஏன் என்பது இந்த மருந்தின் வேதியியலுக்குள்ளேயே இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் மற்ற கேள்விகளுக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

குளோரலை 1832-இல் ஜெர்மனியின் கீஸன் நகரில் யுஸ்டுஸ் ஃபான் லீபிக் முதலில் தயாரித்தார். சாராயத்துக்குள், அதாவது எத்தில் ஆல்கஹாலுக்குள், குளோரின் வாயுவை வெகுநேரம் செலுத்தியபோது கிடைத்த எண்ணெய் போன்ற திரவம் அது. சுமார் 98 டிகிரியில் கொதிக்கும். அதனுடன் தண்ணீர் சேர்த்தால் சூடாகி, பிறகு நிறமற்ற படிகமாக உறையும். அந்தப் படிகம்தான் குளோரல் ஹைட்ரேட். சுமார் 57 டிகிரியில் உருகும். மூக்கைத் துளைக்கும் வாசனை. கசப்பும் எரிச்சலும் கலந்த சுவை.

பள்ளியில் படித்த வேதியியல் நினைவிருந்தால் இங்கே ஒரு சந்தேகம் வர வேண்டும். ஒரே கார்பன் அணுவில் இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகள் நிலைக்காது, தண்ணீரை இழந்து ஆல்டிஹைடாகவோ கீட்டோனாகவோ மாறிவிடும் என்பது பொது விதி. அசிட்டோனைத் தண்ணீரில் கலந்தால் ஹைட்ரேட் வடிவம் ஆயிரத்தில் ஓரிரு பங்குதான் தேறும். அசிட்டால்டிஹைடில் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி. குளோரலில் மட்டும் அநேகமாக முழுவதுமே ஹைட்ரேட். பக்கத்துக் கார்பனில் உட்கார்ந்திருக்கும் மூன்று குளோரின் அணுக்கள்தான் காரணம். அவை எலக்ட்ரான்களைத் தம் பக்கம் இழுப்பதால் கார்பனைல் கார்பன் எலக்ட்ரான் பஞ்சத்தில் தவிக்கிறது. வந்த தண்ணீர் மூலக்கூறைப் பிடித்தால் விடாது. அடர் கந்தக அமிலத்தோடு சேர்த்து வடித்தால்தான் தண்ணீர் பிரிந்து குளோரல் திரும்பக் கிடைக்கும்.

அந்த மூன்று குளோரின்களுக்கு இன்னொரு குணமும் உண்டு. காரம் பட்டால் மூலக்கூறு உடைந்து குளோரோஃபார்மும் ஃபார்மேட் உப்பும் ஆகும். 1869-இல் பெர்லினில் மருந்தியலாளர் ஆஸ்கர் லீப்ரைஷ் இதைப் பார்த்துத்தான் ஒரு யோசனைக்கு வந்தார்: ரத்தம் லேசான காரத்தன்மை உடையது, குளோரல் ஹைட்ரேட்டைக் குடிக்கக் கொடுத்தால் உடம்புக்குள்ளேயே மெதுவாக மயக்க மருந்தான குளோரோஃபார்ம் உண்டாகி நோயாளி தூங்குவார். கொடுத்துப் பார்த்தார். நோயாளிகள் தூங்கவும் செய்தார்கள். ஆனால் அவர் சொன்ன காரணம் முழுக்கத் தவறு. ரத்தத்தின் காரத்தன்மை அந்த வினைக்குப் போதாது. அப்படிக் குளோரோஃபார்ம் உண்டாவதில்லை. மருந்தியலில் தவறான கணக்கு சரியான விடை தந்த இடங்களைப் பட்டியலிட்டால் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

உண்மையில் நடப்பது இது. குடலிலிருந்து ரத்தத்துக்கு வந்த குளோரல் ஹைட்ரேட் சில நிமிடங்களிலேயே காணாமல் போகிறது. கல்லீரலில் உள்ள ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸ் நொதி, மதுவைக் கையாளும் அதே நொதி, இதை ட்ரைகுளோரோஎத்தனாலாக மாற்றுகிறது. பெயரே சொல்வதுபோல் அது ஓர் ஆல்கஹால். எத்தனாலின் ஓரத்தில் மூன்று குளோரின். மூளையில் நரம்புச் செல்களின் வேகத்தை அடக்கும் காபா-ஏ ஏற்பியின் வேலையைத் தூண்டித் தூக்கத்தைத் தருவது இதுதான். ட்ரைகுளோரோஎத்தனால் குளுகுரோனிக் அமிலத்தோடு சேர்ந்து சிறுநீரில் போவதை 1870-களிலேயே ஜெர்மன் மருத்துவர் ஃபான் மேரிங் கண்டிருந்தார். பின்னாளில் 1903-இல் எமில் ஃபிஷரோடு சேர்ந்து பார்பிட்டால் என்ற தூக்க மருந்தைக் கொண்டுவந்து, குளோரலின் மவுசைக் குறைத்தவரும் இவரே. தூங்க வைப்பது ட்ரைகுளோரோஎத்தனால்தான் என்பதை 1948-இல் பட்லரின் ஆய்வு தெளிவாக்கியது. மருந்தின் இன்னொரு பகுதி ஆக்ஸிஜனேற்றம் அடைந்து ட்ரைகுளோரோஅசிட்டிக் அமிலமாகிறது. இதற்குத் தூக்கம் தரும் குணம் இல்லை. ஆனால் ரத்தப் புரதங்களை இறுகப் பற்றிக்கொண்டு நாள்கணக்கில் தங்கும்.

ட்ரைக்ளோஃபாஸ் இங்கேதான் வருகிறது. ட்ரைகுளோரோஎத்தனாலோடு ஒரு பாஸ்பேட் தொகுதியை ஒட்டிச் செய்தது அது. குடலிலும் கல்லீரலிலும் உள்ள பாஸ்படேஸ் நொதிகள் பாஸ்பேட்டை வெட்டி எடுத்தவுடன் அதே ட்ரைகுளோரோஎத்தனால் வெளிப்படுகிறது. ஆகவே உங்களிடம் சொன்னவர் முக்கால்வாசி சரி: வாயில் போகும் மருந்து வேறு, மூளையைத் தொடும் மருந்து ஒன்றே. ட்ரைக்ளோஃபாஸில் வயிற்று எரிச்சலும் கசப்பும் குறைவு, அதனால் குழந்தை துப்புவதும் குறைவு. தூக்கத்தின் தன்மையிலோ ஆபத்திலோ பெரிய வித்தியாசம் இல்லை.

அளவில் வித்தியாசம் உண்டு, அங்கேதான் தவறு நடக்கும். 1 கிராம் ட்ரைக்ளோஃபாஸ் சோடியம் சுமார் 600 மில்லிகிராம் குளோரல் ஹைட்ரேட்டுக்குச் சமம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். நம் ஊரில் கிடைக்கும் ட்ரைக்ளோஃபாஸ் சிரப் 5 மில்லியில் 500 மில்லிகிராம், அதாவது மில்லிக்கு 100 மில்லிகிராம். ஸ்கேன், எக்கோ, ஈஈஜி (மூளை அலைப் பதிவு) போன்றவற்றுக்குக் கிலோவுக்கு 50 மில்லிகிராம் என்பது பரவலாகக் கையாளப்படும் அளவு. 10 கிலோ குழந்தைக்கு 500 மில்லிகிராம், 5 மில்லி சிரப். அரை மணி நேரத்தில் தூங்கவில்லை என்றால் அதில் பாதியை ஒரே ஒருமுறை திரும்பத் தருவார்கள். குளோரல் ஹைட்ரேட்டுக்கும் கிலோவுக்கு 25 முதல் 50 மில்லிகிராம்தான் ஆரம்பம்; சில இடங்களில் 75 வரை போவார்கள்; எப்படியானாலும் கூட்டுத்தொகை கிலோவுக்கு 100-ஐத் தாண்டக் கூடாது, பெரிய குழந்தையானாலும் மொத்தம் 2 கிராமுக்கு மேல் போகக் கூடாது. ஒன்று ஸ்டாக் இல்லை என்று மற்றொன்றை அதே மில்லிகிராமில் கொடுத்தால், வீரியம் ஒன்றரை மடங்குக்கும் மேல் ஏறும் அல்லது அதே விகிதத்தில் இறங்கும். குளோரல் கரைசல்களோ 5 மில்லிக்கு 200 மில்லிகிராம், 5 மில்லிக்கு 500 மில்லிகிராம் என்று வெவ்வேறு அடர்த்தியில் தயாரிக்கப்படுபவை. "5 மில்லி கொடுங்க" என்ற வாய்மொழி உத்தரவு அதனால்தான் அபாயமானது. சீட்டில் மில்லிகிராம், மில்லி இரண்டும், குழந்தையின் அன்றைய எடையும் இருக்க வேண்டும். போன மாதம் தடுப்பூசி அட்டையில் எழுதிய எடை போதாது.

கொடுக்கும் முறை சின்ன விஷயம்போலத் தெரியும், ஆனால் பாதிச் சிக்கல் அங்கேதான். வீட்டு ஸ்பூன் வேண்டாம். ஊசியில்லாத, வாய்வழி மருந்துக்கான சிரிஞ்சில் எடுக்க வேண்டும். குழந்தையை மடியில் பாதி நிமிர்ந்த நிலையில் வைத்து, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். மூக்கைப் பொத்தி ஊற்றினால் மருந்து மூச்சுக்குழாய்க்குள் போகும், குரல்வளை இறுகும். குழந்தை பாதியைத் துப்பிவிட்டால் "எவ்வளவு போயிருக்கும்" என்று குத்துமதிப்பாக மறுபடி கொடுக்கக் கூடாது. உள்ளே போனது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது, கொடுத்ததைத் திரும்ப எடுக்கவும் வழியில்லை. 30 நிமிடம் பொறுத்துப் பார்த்து மருத்துவர் முடிவு செய்யட்டும்.

வெறும் வயிறு கட்டாயம்: தண்ணீர் 2 மணி நேரம், தாய்ப்பால் 4 மணி நேரம், பவுடர் பால், பசும்பால், இட்லி, பிஸ்கட் எல்லாம் 6 மணி நேரம். பசியில் அழுகிறது என்று காத்திருக்கும் இடத்தில் பாட்டி ரெண்டு வாய் பால் கொடுத்துவிடுவது நடக்கிற விஷயம். கொடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், சோதனை தள்ளிப்போவதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

சோதனைக்கு முந்தின இரவு தாமதமாகத் தூங்கவைத்து, காலையில் சீக்கிரம் எழுப்பி, வரும் வழியில் தூங்கவிடாமல் கொண்டுவந்தால் மருந்து நன்றாகப் பிடிக்கும். சில குழந்தைகளுக்கு மருந்தே தேவைப்படாது. பிறந்து சில வாரமே ஆன சிசுவுக்குப் பால் கொடுத்து, துணியில் இறுக்கமாகச் சுற்றி, இருட்டு அறையில் படுக்கவைத்தாலே பல நேரம் எக்கோவும் எம்ஆர்ஐயும் முடிந்துவிடும். மருந்தில்லாத இந்த முறையில் பால் கொடுத்த பிறகு காத்திருக்க வேண்டியதில்லை.

மருந்து பிடித்தால் 20 முதல் 40 நிமிடத்தில் தூக்கம், பெரும்பாலும் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம். மூன்று, நான்கு வயதுக்கு மேல் தோல்வி அதிகம். சில குழந்தைகள் தூங்குவதற்குப் பதில் குடித்தவர்போலத் தள்ளாடி, காரணமில்லாமல் சிரித்து, கத்தி அழும். உள்ளே போனது ஓர் ஆல்கஹால் என்பதை நினைத்தால் இதில் ஆச்சரியம் இல்லை. இன்னொன்று, இது வலியைக் குறைக்காது. வலி இருக்கும் இடத்தில் கொடுத்தால் படபடப்புதான் கூடும். தையல் போட, முதுகில் நீர் எடுக்க இது தகுந்த மருந்து அல்ல.

இத்தனை வருடம் கழித்தும் ஏன் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்? முக்கியமாக ஈஈஜிக்காக. மிடசோலம் போன்ற பென்சோடையசெபின் மருந்துகள் வலிப்பு அலைகளையே அமுக்கிவிடும், வேக அலைகளையும் சேர்த்துப் பதிவைக் குழப்பும். ட்ரைகுளோரோஎத்தனால் தரும் தூக்கத்தில் அந்தத் தொந்தரவு வெகு குறைவு. காது கேட்கும் திறனைப் பார்க்கும் பெரா சோதனையிலும் இதே சௌகரியம். ஊசி குத்த வேண்டாம், விலையும் குறைவு. இன்று மூக்கில் தெளிக்கும் டெக்ஸ்மெடிடோமிடின், ஈஈஜிக்கு மெலடோனின் என்று மாற்றுகள் வந்துவிட்டன. வசதி உள்ள மையங்கள் அந்தப் பக்கம் நகர்கின்றன. அமெரிக்காவில் குளோரல் ஹைட்ரேட் திரவத்தைத் தயாரிப்பாளர்கள் 2012-இல் நிறுத்திவிட்டார்கள்.

இனி வீட்டில் ஏன் கூடாது என்பது. ட்ரைகுளோரோஎத்தனாலின் அரை ஆயுட்காலம், அதாவது உடம்பில் அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம், பெரியவர்களில் 8 முதல் 12 மணி நேரம். நடை பழகும் வயதுக் குழந்தையில் ஏறக்குறைய 10 மணி. நிறைமாதத்தில் பிறந்த சிசுவில் சுமார் 28 மணி. குறைமாதச் சிசுவில் 40 மணியை ஒட்டும். 10 மணி என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்: மருந்து உச்சத்தைத் தொட்டு 2 மணி நேரம் கழித்தும் 87 சதவீதம் உடம்பில்தான் இருக்கிறது. எக்கோ முடிந்து குழந்தை கண் விழிப்பது மருந்து வெளியேறியதால் அல்ல. மூளையில் அளவு சற்று இறங்கியதும் ஜெல்லின் குளிர்ச்சியும் அறையின் சத்தமும் எழுப்பிவிடுகின்றன. சத்தமில்லாத இடத்தில் மறுபடி படுக்கவைத்தால் மறுபடி ஆழ்ந்து போகும். கண்காணிக்க ஆளில்லாத நேரம் அதுதான்.

இந்தத் தூக்கத்தில் மூச்சு நிற்பதைவிட மூச்சு வழி அடைபடுவதே அதிகம். தொண்டைத் தசைகள் தளர்ந்து நாக்கு பின்னால் சரிகிறது. தலை முன்னால் கவிழ்ந்தால் சிறு குழந்தையின் மூச்சுக்குழாய் மடங்கிவிடும். மருந்து கொடுத்து அனுப்பப்பட்ட குழந்தைகள் கார் இருக்கையில் தலை கவிழ்ந்தபடி இறந்த சம்பவங்கள் அமெரிக்காவில் பதிவானதால்தான், வீட்டில் தூக்க மருந்து கொடுத்து அழைத்து வருவதை அங்குள்ள குழந்தை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல் கூடாது என்கிறது. நம் ஊரில் கார் இருக்கைக்குப் பதில் பைக்கில் அப்பா முதுகுக்கும் அம்மா மார்புக்கும் நடுவே, அல்லது ஆட்டோவில் துணி போர்த்தித் தோளில். முகம் தெரியாது, மூச்சுச் சத்தம் கேட்காது. வீட்டுக்கு வந்ததும் தூளியில் போடுவதும் அன்றைக்கு வேண்டாம். தூளி உடம்பை வளைத்து முகவாயை மார்பில் அழுத்தும். சமதளத்தில், பக்கவாட்டில், முகம் தெரியப் படுக்கவைத்து ஒருவர் அருகிலேயே இருக்க வேண்டும்.

மருத்துவமனையில் கொடுக்கும்போது விரலில் ஆக்ஸிமீட்டர், கைக்கெட்டும் தூரத்தில் ஆக்ஸிஜன், சளி உறிஞ்சும் சக்ஷன் கருவி, குழந்தை அளவு முகமூடியோடு ஆம்பு பேக் (கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பை), குழந்தையை மட்டுமே கவனிக்க ஒரு செவிலியர், இவ்வளவும் இருக்க வேண்டும். இல்லாத இடத்தில் கொடுப்பதும் வீட்டில் கொடுப்பதும் என்னைப் பொறுத்தவரை ஒன்றுதான். கண் திறந்தது மட்டும் போதாது. தலை நிற்க வேண்டும், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க வேண்டும், தண்ணீர் புரையேறாமல் விழுங்க வேண்டும், முன்பு உட்காரும் குழந்தை இப்போதும் உட்கார வேண்டும். குறைமாதத்தில் பிறந்த சிசுவென்றால் பல மணி நேரம் அதிகமாக, தேவையானால் இரவு முழுவதும் வைத்துப் பார்ப்பார்கள். அடுத்த 24 மணி நேரம் தள்ளாட்டம் இருக்கலாம், படிக்கட்டில் கவனம்.

யாருக்குக் கொடுக்கும் முன் யோசிக்க வேண்டும்? கல்லீரல், சிறுநீரகம் பழுதான குழந்தை; வயிற்றுப் புண்; போர்ஃபிரியா என்ற பரம்பரை நோய்; தூங்கும்போது குறட்டை விடும், டான்சில் பெருத்த குழந்தை; டவுன் சிண்ட்ரோம்போல் நாக்கும் தொண்டையும் இடத்தை அடைக்கும் நிலைகள். சளி பிடித்திருந்தால் சோதனையைத் தள்ளிப்போடுவது நல்லது. சளிக்கு வாங்கிய சிரப்பில் குளோர்ஃபெனிரமின் மாதிரி தூக்கம் தரும் மருந்து இருந்தால் இரண்டும் கூடும். வலிப்புக்கான ஃபினோபார்பிட்டோன், குளோபசாமும் அப்படியே. இதய நோயில் ஒரு முரண் இருக்கிறது: எக்கோ எடுப்பதே இதயம் பழுது என்ற சந்தேகத்தில்தான், ஆனால் குளோரின் ஏறிய இத்தகைய சேர்மங்கள் அட்ரினலினுக்கு இதயத் தசையை மிகையாகத் துள்ள வைக்கும். வழக்கமான அளவில் பெரும்பாலான குழந்தைகள் தாங்கிக்கொள்கிறார்கள். நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தம் அதிகமுள்ள குழந்தையில் மூச்சு சற்று மந்தமானாலே கார்பன் டை ஆக்சைடு ஏறி அழுத்தம் இன்னும் கூடும், அதனால் அங்கே மயக்க மருத்துவர் உடனிருக்க வேண்டும். சிறுநீரை அதிகம் போகவைக்கும் ஃப்ரூசமைடு ஊசி போட்டுக்கொண்டிருக்கும் குழந்தையென்றால் சொல்லிவிடுங்கள். குளோரல் கொடுத்த ஒரு நாளுக்குள் அந்த ஊசி போட்டால் முகம் சிவந்து, வியர்த்து, ரத்த அழுத்தம் தடுமாறுவது உண்டு. முன்பு சொன்ன ட்ரைகுளோரோஅசிட்டிக் அமிலம், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்தைப் புரதத்திலிருந்து தள்ளிவிட்டு அதன் வேலையைக் கூட்டும். பிறந்த சிசுவில் காமாலையின் மஞ்சள் நிறமியான பிலிருபினையும் அப்படித் தள்ளும் என்பதால் மஞ்சள் காமாலை உள்ள சிசுவுக்குத் தவிர்ப்பார்கள்.

பெரியவர்கள் தூக்கத்துக்காக இதைத் தேடிப்போக வேண்டாம். இரண்டு வாரத்தில் பழகிவிடும், அளவைக் கூட்டச் சொல்லும், நிறுத்தினால் குடியை நிறுத்தியதுபோல நடுக்கம் வரும். மதுவோடு சேர்ந்தால் இரண்டும் ஒரே நொதிக்குப் போட்டியிடுகின்றன: மது கரைவது தாமதமாகிறது, ட்ரைகுளோரோஎத்தனால் உண்டாவது வேகமாகிறது. வானத்தின் நீலத்தை ஆராய்ந்த இயற்பியலாளர் ஜான் டிண்டால் தூக்கமின்மைக்கு இதைத்தான் எடுத்துவந்தார். 1893-இல் அவர் மனைவி மக்னீசியா என்ற வயிற்று மருந்து என்று நினைத்துக் குளோரலை ஊற்றிக் கொடுத்துவிட, அதில் இறந்தார். முன்னதாக 1874-இல் பிரான்ஸின் போர்டோவில் பியர் சிப்ரியன் ஓரே டெட்டனஸ் நோயாளிக்கு இதை ரத்தக்குழாயில் செலுத்தினார். மனிதருக்கு ரத்தக்குழாய் வழியாக மயக்க மருந்து கொடுத்த முதல் முயற்சியாகக் குறிப்பிடப்படுவது அதுவே. நல்லவேளையாகக் குளோரலை அப்படிச் செலுத்துவது வழக்கமாகவில்லை.

அளவு மீறிவிட்டால் மூச்சில் பேரிக்காய் போன்ற வாசனை வரலாம். உடம்பு குளிரும், ரத்த அழுத்தம் விழும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள்: தொண்டையைப் புண்ணாக்கும் பொருள், அரைத் தூக்கத்தில் நுரையீரலுக்குள் போகும். மருத்துவருக்கான குறிப்பு: துடிப்புக் கோளாறுக்கு ப்ரோப்ரனோலால் அல்லது எஸ்மோலால்தான் கைகொடுக்கும், லிக்னோகெயின் பெரும்பாலும் ஏமாற்றும், அட்ரினலின் நிலைமையை மோசமாக்கும். குளோரின் அணுக்களால் விழுங்கிய மருந்து வயிற்று எக்ஸ்ரேயில் தெரியக்கூடும். குறிப்பான மாற்று மருந்து இல்லை. கடும் நிலையில் டயாலிசிஸ் ட்ரைகுளோரோஎத்தனாலை நன்றாக வெளியேற்றும்.

புற்றுநோய் பற்றிய பயம் இணையத்தில் சுற்றுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2014-இல் குளோரல் ஹைட்ரேட்டை 2ஏ பிரிவில், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை என்ற வரிசையில் சேர்த்தது உண்மை. ஆலைகளில் எண்ணெய்ப் பிசுக்கு நீக்கப் பயன்படும் ட்ரைகுளோரோஎத்திலீனும் உடலில் இதே குளோரலாகத்தான் மாறுகிறது. ஆனால் வாழ்நாளில் ஓரிரு முறை ஒரு சோதனைக்காகக் குடிக்கும் குழந்தைக்கு அன்றைய மூச்சுப் பிரச்சினையே பெரிய ஆபத்து. கவலையை அங்கே வையுங்கள்.

மருந்து கலக்கும் இடத்தில் இருப்பவர்களுக்குச் சில வார்த்தை. குளோரல் ஹைட்ரேட் கால் மில்லி தண்ணீரிலேயே 1 கிராம் கரையும், கரைப்பதில் சிரமமில்லை, சேர்மானத்தில்தான் சிரமம். காரமான எதுவும் கூடாது, குளோரோஃபார்ம் பிரியும். கற்பூரம், மெந்தால், தைமால், ஃபீனால் இவற்றோடு அரைத்தால் பொடி திரவமாகிவிடும். சாராயம் உள்ள கலவையில் புரோமைடு உப்பும் சேர்ந்தால் குளோரல் ஆல்கஹாலேட் தனி அடுக்காகப் பிரிந்து மேலே மிதக்கும். குலுக்காமல் ஊற்றினால் முதல் டோஸிலேயே பெரும்பங்கு போய்விடும். பழைய மருந்துக் கலவைகளில் இது பேர்போன விபத்து. வெளிச்சம் படாத, இறுக மூடிய கண்ணாடிப் பாட்டிலில், குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும்; திறந்து வைத்தால் படிகம் மெல்ல ஆவியாகும். பி.ஃபார்ம் மாணவர்கள் மூலிகைப் பொடியை நுண்ணோக்கியில் பார்க்கும் முன் சூடாக்கித் தெளியவைக்கப் பயன்படுத்தும் குளோரல் ஹைட்ரேட் கரைசல் இதுவே, ஆனால் மிக அடர்த்தியானது, தோலைப் புண்ணாக்கும், கையுறை போடுங்கள்.

கடைசியாக வீட்டிலிருக்கும் மீதிப் பாட்டில். 30 மில்லி பாட்டிலில் 3 கிராம் இருக்கிறது, 10 கிலோ குழந்தைக்கு அது ஆறு டோஸ். காய்ச்சல் சிரப்புக்குப் பக்கத்தில் அதே மாதிரி மூடியோடு நிற்கும். இரவில் அவசரத்தில் கை மாறும். பயணத்தில் தூங்கட்டும், அழுகையை நிறுத்தட்டும் என்று எடுத்துக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். சோதனை முடிந்த அன்றே மீதியை மருத்துவமனை மருந்தகத்தில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.